நள்ளிரவுச் சூரியனா, மாங்காய் சீசனா? நார்வே கடற்கரைக் கப்பல் பயணத்துக்கு யோசனை சொல்லுங்கள்

சந்தூர்ச் செவிலி

அனைவருக்கும் வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துப் போன ஆண்டு ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரருக்குச் சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு. ஏழாம் வகுப்பில் புவியியல் டீச்சர் "நள்ளிரவுச் சூரியன் நாடு எது?" என்று கேட்டார். நான் ஜப்பான் என்று சொல்லிவிட்டு அந்தப் பாடவேளை முழுவதும் பெஞ்சு மேல் நின்றேன். அன்றைக்கே அந்த நார்வேயை ஒரு நாள் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஓய்வூதியப் பணம் கைக்கு வந்திருக்கிறது. இனி யாரைக் கேட்க வேண்டும்?

கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் சிக்கல். பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு பெரிய சொகுசுக் கப்பலின் படத்தை அனுப்பியிருக்கிறாள். கப்பலா, பேருந்து நிலையத்தின் மேல் கட்டிய கல்யாண மண்டபமா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர், ஜூன் மாதம் என்றால் தன்னால் வர முடியாது என்கிறார். மே கடைசியிலிருந்து ஜூலை வரை தோப்பை விட்டு ஒரு நாள் நகர மாட்டார். புரட்டாசியில் போகலாம் என்றால் அந்த மாதம் நாங்கள் கவிச்சி தொடுவதில்லை. மீன் தின்னும் நாட்டுக்குப் போய் ஒரு மாதம் உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

எந்த மாதம், எந்தக் கப்பல், எத்தனை நாள்? எனக்கு இடது முழங்கால் வலி உண்டு. படி ஏறுவேன், மலை ஏற மாட்டேன்.

தகடூர் வணிகன்

அம்மா, பேசாமல் பெரிய கப்பலிலேயே போங்கள். நாங்கள் தர்மபுரியிலிருந்து நான்கு தம்பதிகள் போய்வந்தோம். பெட்டியை ஒரு முறை பிரித்து வைத்தால் போதும், ஊர்கள் தாமாக வந்துகொண்டிருக்கும். எங்கும் மின்தூக்கி, எப்போதும் சாப்பாடு, எங்கள் கப்பலில் ஒரு மூலையில் பருப்பும் சோறும் கிடைத்தன. மாலையில் பாட்டு, நாடகம். முழங்காலுக்கு இதைவிட நல்லது இல்லை. மற்றவர்கள் வந்து "உண்மையான அனுபவம்" என்று ஏதாவது சொல்வார்கள், நம்பாதீர்கள். நம் வயதுக்கு வசதிதான் அனுபவம்.

ஓசூர்ப் பயணி

அந்த "மற்றவர்" நான்தான் போலிருக்கிறது. வந்துவிட்டேன் அண்ணா.

அம்மா, பெரிய கப்பலைக் குறை சொல்லவில்லை. ஆனால் நார்வேயில் இன்னொரு வகைக் கப்பல் இருக்கிறது, அது நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. 1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்குத் தபாலும் சரக்கும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு ஒரு நீராவிக் கப்பலை ஓட்டினார். அதற்கு முன் குளிர்காலத்தில் வடக்கே ஒரு கடிதம் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகுமாம். அந்த வழித்தடம் இன்றும் ஓடுகிறது. பெயர் ஹுர்டிருட்டன், "விரைவு வழி" என்று பொருள். இப்போது தெற்கே பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். 2021 முதல் ஹவிலா என்ற இன்னொரு நிறுவனமும் அதே தடத்தில் கப்பல் விடுகிறது. போய்த் திரும்ப 12 நாட்கள்.

நான் போனது மார்ச் மாதம். என்னோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகள். மீதிப் பேர் பாட்டி வீட்டுக்குப் போகிறவர்கள், பல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ஒரு சிறிய துறைமுகத்தில் பின்னிரவு இரண்டு மணிக்குக் கப்பல் நின்றது. மேல்தளத்தில் நின்று பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு கதவு திறந்தது. சிறிய பளுதூக்கி வண்டி ஒன்று பனியில் வழுக்கிவிடாமல் மெதுவாக வந்து, ஒரு சலவை இயந்திரத்தையும் வைக்கோல் நிறத்தில் ஏதோ மூட்டைகளையும் இறக்கியது. ஒரு பெண் நாயோடு ஏறினாள். கரையில் நின்ற கிழவர் கையசைக்கக்கூட இல்லை, திரும்பிக் காரில் ஏறிவிட்டார். பதினைந்து நிமிடம். கதவு மூடியது, கப்பல் கிளம்பியது. ராயக்கோட்டையில் இரவு பஸ் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். நான் அன்று முழுத்தூக்கம் தூங்கவில்லை, அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

எதிரே அதே தடத்தின் மற்றொரு கப்பல் வந்தால் இரண்டும் ஊதிக்கொள்ளும். ஓட்டுநர்கள் கைகாட்டிக்கொள்வது போல.

ஒரே எச்சரிக்கை: இந்தக் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. கரையில் இறங்கிக் காபி குடித்துக்கொண்டிருந்தால் அது போய்விடும். அதுவும் டவுன் பஸ் வழக்கம்தான்.

பென்னாகரம் வாத்தியார்

இத்தனை லட்சம் செலவு செய்து தண்ணீரையும் பாறையையும் பார்க்க வேண்டுமா? ஆடி மாதம் ஒகேனக்கல்லுக்கு வாருங்கள் அம்மா, தண்ணீரும் பாறையும் நான் காட்டுகிறேன். பரிசல்காரரிடம் பேரம் பேசிக்கொள்ளலாம், வறுத்த மீனும் உண்டு. விசா கேட்க மாட்டார்கள்.

பெர்கன் பாலக்கோட்டான்

வாத்தியார் ஐயா, ஒகேனக்கல்லில் பரிசலைச் சுற்றிவிடுவார்களே, அதைப் பெரிய அளவில் இங்கே செய்கிறார்கள். லொஃபோட்டன் தீவுகளுக்குப் பக்கத்தில் ட்ரோல்ஃபியோர்ட் என்று ஓர் இடுக்கு. மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த இடுக்கைத்தான் இங்கே ஃபியோர்ட் என்பார்கள். நீளம் இரண்டு கிலோமீட்டர், வாய் நூறு மீட்டர் அகலம்தான். நூற்றுச் சொச்சம் மீட்டர் நீளக் கப்பல் அதற்குள் நுழைந்து, முட்டுச் சுவரின் முன்னால் நின்ற இடத்திலேயே முழுவதும் திரும்பி வெளியே வரும். இருபுறமும் பாறை, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் கோடையில்தான். குளிர்காலத்தில் பனிச்சரிவு ஆபத்து என்பதால் வாசலோடு சரி.

அம்மா, நான் பாலக்கோட்டுக்காரன், எட்டு ஆண்டுகளாகப் பெர்கனில் மீன் வளர்ப்பு நிறுவனத்தில் வேலை. மாதக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது நள்ளிரவுச் சூரியன் என்றால் பேச்சுக்கே இடமில்லை. வட நார்வேயின் டிரோம்சோ நகரில் ஏறத்தாழ மே 20 முதல் ஜூலை 22 வரை, அதற்கும் வடக்கே நார்த் கேப்பில் மே நடுவிலிருந்து ஜூலை முடிவு வரை. செப்டம்பரில் வந்தால் சூரியன் ஒழுங்காக மறைந்து ஒழுங்காக உதிக்கும், சந்தூரில் போலவே. அப்போது பார்க்கக் கிடைப்பது துருவ ஒளி. செப்டம்பர் கடைசி முதல் மார்ச் கடைசி வரை இரவில் வானத்தில் பச்சைத் திரை அசையும், மேகம் இல்லாவிட்டால். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. வானம் இருட்டினால்தானே ஒளி தெரியும்? கோடையில் இங்கே இருட்டுவதே இல்லை. "ஜூனில் துருவ ஒளி காட்டுகிறோம்" என்று எந்த முகவராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நள்ளிரவுச் சூரியன் என்கிறோமே தவிர, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல. கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பார்கள். அதனால் டிரோம்சோ வட்டாரத்தில் சூரியன் மிகவும் கீழே வருவது பன்னிரண்டே முக்காலை ஒட்டி. தொடுவானத்துக்கு மேலே மெதுவாகப் பக்கவாட்டில் உருண்டு வரும், இப்போது முங்கிவிடும் என்று நினைப்பீர்கள், முங்காமல் மறுபடி மேலே ஏறும். அந்த நேரத்து வெயில் மஞ்சளாக, பக்கவாட்டில் விழும். நிழல்கள் தென்னை மர நீளத்துக்குக் கிடக்கும். முதல் முறை பார்த்தபோது நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் விடியற்காலை நாலே கால். யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறிப்போய் எடுத்தார்.

மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, வெறும் வெளிச்சம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். பெர்கனில் மழையைப் பற்றிப் பேசவே வேண்டாம், குடையை மறந்து வெளியே போன நாள் எனக்கு நினைவில்லை.

தகடூர் வணிகன்

செப்டம்பரில் கூட்டம் குறைவு, விலையும் குறையும். அதையும் கணக்கில் எடுங்கள்.

சந்தூர்ச் செவிலி

பாலக்கோட்டுத் தம்பிக்கு நன்றி. உங்கள் பதிவை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் மார்ச்சில் போகலாம், அந்தப் பச்சைத் திரையையே பார்ப்போம்" என்றார். மார்ச் என்றால் பூ கட்டி வடுப்பிஞ்சு நிற்கும் நேரம், மருந்தடிப்பு இருக்கிறதே என்றேன். பதிலில்லை. அக்டோபர் என்றார். புரட்டாசி, அப்புறம் தீபாவளி என்றேன். "சரி, உன் நார்வேயை மாங்காய் இல்லாத மாதமாகப் பார்த்து இந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்" என்று எழுந்து போய்விட்டார்.

அரூர் மருமகள்

அக்கா, மாதம் எதுவானாலும் விசாவை முதலில் கவனியுங்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு போகவே கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கியதாக, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லக்கூடியதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும்.

விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, அதனால் வரிக் கணக்குக் காகிதம் இருக்காது. என் மாமனாருக்கு நாங்கள் பட்டா, சிட்டா, விளைச்சல் விற்ற சீட்டுகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்தோம். உங்களுக்கு ஓய்வூதிய ஆணை இருப்பதால் எளிது. இன்னொன்று, வங்கிக் கணக்கில் கடைசி வாரத்தில் யாரிடமாவது வாங்கிப் பெரிய தொகையைப் போட்டுக் காட்டாதீர்கள். என் மாமனாருக்கு முதல் முறை மறுத்ததற்கு அதுதான் காரணம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நம்பிச் செய்தோம்.

ஓசூர்ப் பயணி

என் முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஒரு முகவர் "கடல் பார்த்த அறை" என்று சொல்லி முன்பதிவு செய்து கொடுத்தார். போய்ச் சேர்ந்த மாலை ஆசையாகத் திரையை விலக்கினேன். சாளரம் முழுக்க ஆரஞ்சு நிறம். உயிர்காப்புப் படகின் வயிறு. அதன் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கடல். ஆறு இரவுகள் அந்த ஒரு சாண் கடலைத்தான் படுத்தபடி பார்த்தேன். ஒப்பந்தத் தாளில் "மறைப்பு உள்ள காட்சி" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. தள வரைபடத்தைக் கேட்டு, அறை எண்ணுக்கு வெளியே என்ன தொங்குகிறது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

உண்மையில் அந்த அறையால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அதில் உட்கார முடியாமல் பகல் முழுவதும் மேல்தளத்திலேயே இருந்தேன்.

மட்டறுத்துநர்

முகவர்களின் பெயரைத் தனிமடலில் கேட்டு யாரும் தொல்லை செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்தூர்ச் செவிலி

சாப்பாடு? குளிர்? கடல் குமட்டல்? (மாத்திரையை மட்டும் எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், முப்பத்திரண்டு ஆண்டு அதைத்தான் ஊருக்கே கொடுத்தேன்.)

பெர்கன் பாலக்கோட்டான்

குமட்டல்: பாதை பெரும்பாலும் தீவுகளின் மறைவில் போவதால் ஏரி மாதிரி இருக்கும். திறந்த கடல் மூன்று நான்கு இடங்களில்தான். பெர்கனுக்கு வடக்கே ஸ்டாட் முனை, போடோவிலிருந்து லொஃபோட்டனுக்குக் கடக்கும் வெஸ்ட்ஃபியோர்ட், நார்த் கேப்புக்கு அப்பால் பாரன்ட்ஸ் கடல். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. ஜூனில் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும்.

குளிர்: இவ்வளவு வடக்கே இருந்தும் இந்தத் துறைமுகங்கள் உறைவதில்லை. அட்லாண்டிக் கடலின் வெந்நீரோட்டம் கரையோரமாக மேலே வருவதுதான் காரணம். ஜூனில் ஓசூர் மார்கழிக் காலை மாதிரிதான் இருக்கும், ஆனால் மேல்தளத்துக் காற்று வேறு. பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரை இழுக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றும் மழையும் புகாத சட்டை. காது மூடும் குல்லா அவசியம். மார்ச்சில் வருகிறவர்கள் காலணிக்கு அடியில் மாட்டும் ஆணி வைத்த ரப்பரை இங்கேயே விளையாட்டுக் கடையில் வாங்குங்கள். ஒரு முறை வழுக்கினால் முழங்கால் போய்விடும்.

சாப்பாடு: முன்பதிவின்போதே சைவம் என்று எழுதிக் கொடுத்தால் செய்து தருவார்கள். உருளைக்கிழங்கு எத்தனை அவதாரம் எடுக்கும் என்று தெரிந்துகொள்வீர்கள். புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுவரலாம். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். கடையில் தண்ணீர் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும். இங்கத்துக் காசான கிரோனை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தால் காபி தொண்டையில் இறங்காது, பெருக்கிப் பார்ப்பதை இரண்டாம் நாளே நிறுத்திவிடுங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. லொஃபோட்டனில் காட் மீனை உப்பே போடாமல் இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச் சட்டங்களில் பிப்ரவரி முதல் மே வரை தொங்கவிடுகிறார்கள். குளிர்காற்றே காய வைக்கிறது. ஈ வரும் அளவு வெப்பமும் இல்லை, முழுக்க உறைந்து போகும் குளிரும் இல்லை, அதுதான் சூட்சுமம். இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் போகிறது. போச்சம்பள்ளிச் சந்தையில் கருவாட்டு வரிசையைக் கடந்து வளர்ந்த எனக்கு, உப்பில்லாத கருவாடு என்பதை ஏற்றுக்கொள்ள இரண்டு ஆண்டு ஆயிற்று. விறகு மாதிரி இருக்கும். சுத்தியலால் தட்டித்தான் பிய்க்க வேண்டும்.

அரூர் மருமகள்

போக மட்டுமா, போய்வரவா? பன்னிரண்டு நாள் அக்காவுக்கு அதிகம் இல்லையா?

ஓசூர்ப் பயணி

வடக்கு நோக்கி மட்டும் போதும் என்பது என் கட்சி. பெர்கனில் ஏறி ஆறு இரவு, ஏழாம் நாள் காலை கிர்கெனஸ், அங்கிருந்து விமானத்தில் ஓஸ்லோ. ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு முன்னதாக ரயிலில் வாருங்கள், ஏழு மணி நேரம், 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம். ஜூனிலும் அங்கே பனி கிடக்கும் என்கிறார்கள்.

பெர்கன் பாலக்கோட்டான்

நான் எதிர்க்கட்சி. போகும்போது இரவில் கடக்கும் ஊர்களைத் திரும்பும்போது பகலில் கடக்கும்படிதான் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். ஹெல்கெலாண்ட் கரையில் "ஏழு சகோதரிகள்" என்று வரிசையாக ஏழு சிகரங்கள், தெற்கே வரும்போதுதான் நன்றாகப் பார்க்கலாம். ஏழு பூதப் பெண்கள் விடிவதற்குள் ஒளிய முடியாமல் வெயில் பட்டுக் கல்லாகிவிட்டார்கள் என்பது கதை. நம் ஏரிக்கரைக் கன்னிமார் ஏழு பேரையும் மலையாக்கி நிறுத்தியது போல் இருக்கும். எனக்கு அந்த இடம் வந்தால் கை தானாகக் குவிந்துவிடுகிறது, பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரர்கள் பார்ப்பார்கள்.

ஆனால் நாள் குறைவு என்றால், ஜூனில் வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கும் ஒரு கன்னிமார் உண்டு. கோடையில் கப்பல் ஓலசுண்டிலிருந்து கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் போகும், 2005 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடம். அங்கே ஏழு சகோதரிகள் என்ற பெயரிலேயே அருவி, ஏழு தாரைகள். எதிர்க்கரையில் தனியாக ஓர் அருவி, அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர். பெண் கேட்டுப் பெண் கேட்டு அங்கேயே நின்றுவிட்டானாம். ஜூனில் மலைப்பனி உருகுவதால் ஏழும் நிறைந்து விழும். ஆகஸ்ட் கடைசியில் வந்தால் சில தங்கைகள் காணாமல் போயிருப்பார்கள்.

பென்னாகரம் வாத்தியார்

பாறை என்று நான் சொன்னது சும்மா அல்ல. ஒகேனக்கல்லில் கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை இருக்கிறது, இருநூற்று நாற்பது கோடி ஆண்டுப் பழமை. அந்தப் பாறை வகைக்கு அந்தப் பெயரை வைத்தவர் ப்ரோகர் என்ற நார்வே அறிஞர், 1921இல், நார்வேயின் ஃபென் என்ற இடத்தை ஆராய்ந்துவிட்டு. ஆக நம் ஊர்க் கல்லுக்குப் பெயர் வைத்ததே அவர்கள்தான். ஃபென் உள்நாட்டில் இருக்கிறது, கப்பல் வழியில் வராது, அதனால் என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அம்மா போவதென்று முடிவு செய்துவிட்டால், அந்தக் கரையிலிருந்து ஒரு கூழாங்கல் கொண்டுவந்தால் மகிழ்ச்சி. வகுப்பில் காட்ட வேண்டும்.

தகடூர் வணிகன்

வாத்தியாருக்கும் ஆசை வந்துவிட்டது. பெரிய கப்பலில் கல் வைக்கவும் இடம் உண்டு.

பெர்கன் பாலக்கோட்டான்

அண்ணா, உங்கள் பெரிய கப்பல்களுக்குக் கெய்ராங்கரில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் புகை விடாத கப்பல்தான் வரலாம் என்ற விதி, பத்தாயிரம் டன்னுக்கு உட்பட்டவற்றுக்கு 2026இலிருந்து. பெரியவற்றுக்கு 2032 வரை அவகாசம். மின்கலத்தில் ஓடும் கப்பல் உள்ளே போகும்போது அருவிச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது.

சந்தூர்ச் செவிலி

முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஜூன். வடக்கு நோக்கி ஆறு இரவு. கடற்கரைக் கப்பல்.

வீட்டுக்காரர் வரவில்லை. நேற்று இரவு நான் பெங்களூரா மாங்காய்க்கு மாங்கூழ் ஆலையில் என்ன விலை என்று கேட்டேன். அவர் அதைச் சொல்லாமல், "உன் தங்கைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது. மாரண்டஹள்ளியில் டீச்சராக இருக்கிறாள், ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கிறதே என்று இழுத்தாள். அவளுக்கு முப்பது ஆண்டுகளில் எடுக்காத விடுப்பு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சண்டை போட்டேன், சம்மதித்துவிட்டாள். புவியியல் டீச்சர்தான். பெஞ்சு மேல் நின்ற கதையை அவள் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிச் சிரிக்கிறாளாம்.

வீட்டுக்காரர் ஊறுகாய் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆவக்காய், நெய் இல்லாமல். வாத்தியார் ஐயாவுக்குக் கல் உண்டு, எடுக்கலாமா என்று கப்பல்காரர்களைக் கேட்டுவிட்டு.

ஓசூர்ப் பயணி

மகிழ்ச்சி அம்மா! அறை?

சந்தூர்ச் செவிலி

நடுப்பகுதி, கீழ்த் தளம். வரைபடத்தை அனுப்பச் சொல்லி அறை எண்ணைத் தேடிப் பார்த்தேன், தங்கையும் பார்த்தாள், மகளும் பார்த்தாள். படகு எங்களுக்கு இரண்டு தளம் மேலே தொங்குகிறது.